2028-க்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார் கணவர்: சேமிப்பை எடுக்கலாமா, சந்தேகப்படுவது பாவமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். மகளுக்கு 14, மகனுக்கு 9. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணவரின் அண்ணன் திடீரென்று இறந்தார். அதன் பிறகுதான் கணவர் தீர்க்கதரிசனக் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினார்; பிறகு ஒரு குழுவில் சேர்ந்தார். இஸ்ரேல் நாடு 1948-ல் உருவானது, ஒரு சந்ததி என்பது 80 ஆண்டு, ஆகவே 2028-க்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது குழுவின் போதனை. ஓய்வுக்காலச் சேமிப்பை முழுவதுமாக எடுத்து, பெரும்பகுதியைக் குழுவின் ஊழியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் கணவர். வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் மிருகத்தின் முத்திரை என்று சொல்லிப் புதிய வங்கி அட்டையை வாங்க மறுத்துவிட்டார். மகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதுவரை உலகம் இருந்தால் பார்ப்போம்" என்று முடித்துக்கொள்கிறார். வீட்டில் சத்தமில்லை என்றால் மகன் அறை அறையாக ஓடி அம்மாவைத் தேடுகிறான். எல்லாரும் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, தான் மட்டும் கைவிடப்பட்டுவிட்டோமோ என்ற பயம் அவனுக்கு.

கணவருக்குப் பதில் சொல்வதற்காக வேதத்தைத் திறந்த வாசகிக்கு அங்கே வேறொரு சிக்கல். தீரு பட்டணம் இனி ஒருபோதும் கட்டப்படாது என்கிறது எசேக்கியேல் 26. அந்த ஊர் இன்றும் இருக்கிறது. இங்கே நிற்கிறவர்களில் சிலர் மனுஷகுமாரன் வருவதைக் காணும்முன் மரிப்பதில்லை என்கிறது மத்தேயு 16:28. அவர்கள் எல்லாரும் மரித்துவிட்டார்கள். அவர் கேட்பது மூன்று: இவை பொய்த்துப்போன தீர்க்கதரிசனங்களா? கணவரை எப்படித் தடுப்பது? அவர் சொல்வதை நம்ப மறுத்தால் வேதத்தையே மறுத்ததாகிவிடுமா?

சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயம் நீங்கினால்தான் மற்றவற்றை உங்களால் நிதானமாக யோசிக்க முடியும். ஆகாது, கணவரின் கணக்கை மறுப்பது வேதத்தை மறுப்பதாகாது. கிறிஸ்து மறுபடியும் வருவார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார் என்பது நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் இருக்கிறது; கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்டண்ட் சபைகள் அனைத்தும் ஏற்கும் விசுவாசம் அது. அந்தப் பிரமாணத்தில் வருடம் இல்லை. ஏழு வருட உபத்திரவமும் இல்லை, இரகசிய வருகையும் இல்லை. "நாளும் நாழிகையும்தான் தெரியாது, வருடத்தைக் கணக்கிடலாம்" என்று உங்கள் கணவரின் குழு சொல்லக்கூடும். அதற்குப் பதில் அப்போஸ்தலர் 1:7. உயிர்த்தெழுந்த இயேசு அங்கே, காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்கிறார். வருடமும் அதற்குள் அடங்கும்.

உங்கள் சந்தேகத்தைப் பற்றி ஒன்று. கோடாரி மரத்தின் வேரில் வைக்கப்பட்டிருக்கிறது, பதர் அவியாத அக்கினியில் சுட்டெரிக்கப்படும் என்று பிரசங்கித்தவர் யோவான் ஸ்நானன். பிறகு அவரே சிறையில் கிடந்தார். கோடாரியும் இறங்கவில்லை, அக்கினியும் விழவில்லை. வருகிறவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார் (மத்தேயு 11:3). இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பதில் சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரியவர் இல்லை என்று கூட்டத்தாரிடம் சொன்னார். நீங்கள் கேட்டதும் அதே கேள்விதான்.

1948 கணக்கு எங்கே சறுக்குகிறது

அத்திமரம் துளிர்த்தால் வேனில் நெருங்கியது என்று அறிவீர்கள், இவையெல்லாம் சம்பவிக்குமுன் இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்று மத்தேயு 24-ல் இயேசு சொன்னதுதான் இந்தக் கணக்குக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அதன்மேல் மூன்று ஊகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அத்திமரம் என்றால் இஸ்ரேல் நாடு. அது துளிர்த்தது 1948-ல். சந்ததி என்றால் 80 ஆண்டு. முதல் ஊகத்தை லூக்கா 21:29 கலைத்துவிடுகிறது. அதே உவமையை எழுதும் லூக்கா, அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள் என்கிறார். எல்லா மரமும் துளிர்ப்பதைப் பார்த்தால் வேனில் நெருங்கியது தெரியும் என்பதே உவமை. அதில் ஒரு நாட்டின் பெயர் ஒளிந்திருக்கவில்லை. 80 என்ற எண் சங்கீதம் 90:10-லிருந்து எடுக்கப்படுகிறது. அந்த வசனம் மனிதனின் ஆயுளைப் பற்றிப் பேசுகிறது, சந்ததியின் நீளத்தைப் பற்றி அல்ல.

இந்த எண் எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதையும் கணவர் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் சந்ததி 40 ஆண்டு என்றார்கள். 1948-உடன் கூட்டினால் 1988. அது கடந்ததும், எருசலேம் இஸ்ரேலின் கைக்கு வந்த 1967-ஐத் தொடக்கமாக வைத்தார்கள். 40 கூட்டினால் 2007. அதுவும் கடந்த பிறகுதான் இந்த 80. இன்னொரு கழித்தலும் இருக்கிறது. முடிவுக்கு ஏழு ஆண்டு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று அதே குழு போதித்தால், 2028-லிருந்து ஏழைக் கழிக்க வேண்டும். வருவது 2021. அந்த ஆண்டு கடந்துவிட்டது. இந்தக் கழித்தலைக் கணவரே ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிப்பட்ட கணக்கு புதிதல்ல. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் பிரசங்கியார் தானியேல் 8:14-ல் உள்ள 2300 நாட்களை 2300 ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457-லிருந்து எண்ணினார். விடை 1843. பூஜ்யம் என்றொரு ஆண்டு கிடையாது என்பதால் அது 1844 ஆயிற்று. அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்கள் அவர்களில் உண்டு. பொழுது விடிந்தது. வரலாற்றில் அதற்குப் பெரும் ஏமாற்றம் என்றே பெயர். 2011-ல் ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் போதகர் ஜலப்பிரளயம் கி.மு. 4990-ல் நடந்தது என்று வைத்துக்கொண்டு அதோடு 7000 ஆண்டு கூட்டி, மே 21 என்றார். பிறகு அக்டோபர் 21 என்று மாற்றினார். வாழ்நாள் சேமிப்பை விளம்பரங்களில் கொட்டியவர்கள் அப்போதும் இருந்தார்கள். நாள் குறித்தது தவறு என்று அவரே 2012 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். கொட்டிய பணம் திரும்பி வரவில்லை. இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மில்லர் உண்மையான மனிதர், வேதத்தை மணிக்கணக்கில் வாசித்தவர். கவனமாக வாசிக்கிறவர்களும் இதில் விழுவார்கள் என்பதற்காகத்தான் அவரைக் குறிப்பிடுகிறேன். உங்கள் கணவர் முட்டாள் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது.

வங்கி அட்டையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 13, 14 அதிகாரங்களில் முத்திரை, மிருகத்தை வணங்குவதோடு கட்டப்பட்டிருக்கிறது. யாரை வணங்குகிறோம் என்று தெரிந்தே செய்யும் செயல் அது; வங்கிக் கவுண்டரில் தெரியாமல் வாங்கி வந்துவிடக்கூடியது அல்ல. அங்கே மிருகத்தின் எண்ணாக வரும் 666, நீரோ இராயன் (ரோமப் பேரரசன் நீரோ) என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் வரும் தொகை என்பது பல அறிஞர்களின் கருத்து. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்று இருப்பதும் அந்தப் பெயரின் இன்னொரு எழுத்துக்கூட்டலோடு பொருந்துகிறது. எண்ணை வைத்துப் பெயரை ஊகித்து அறிவிக்கும் துணிச்சல் வேண்டாம் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே சபை ஆசிரியரான ஐரேனியு எச்சரித்திருக்கிறார்.

தீரு, நினிவே, "இந்தச் சந்ததி"

நீங்கள் கண்ட சிக்கல் உண்மையானது. அதை மழுப்ப மாட்டேன். எசேக்கியேல் 26, பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சாரின் பெயரைச் சொல்லி, அவன் தீருவின் மதில்களை இடிப்பான், செல்வத்தைக் கொள்ளையிடுவார்கள், அது வெறும் பாறையாகும், இனிக் கட்டப்படுவதில்லை என்கிறது. முற்றுகை நடந்தது, 13 ஆண்டு நீடித்தது என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ். ஆனால் கடலுக்குள் இருந்த தீவு நகரம் கொள்ளைபோகவில்லை. கி.மு. 332-ல் அலெக்சாந்தர் கடலில் கரைபோட்டு அதைப் பிடித்தார். அதன் பிறகும் ஊர் எழுந்தது. பவுல் அங்கே ஏழு நாள் தங்கினார் என்று அப்போஸ்தலர் 21 சொல்கிறது. இன்றைய லெபனானில் அது சூர்.

அலெக்சாந்தரால் எல்லாம் நிறைவேறியது என்ற விளக்கத்தைப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். என் மனதுக்கு அது போதுமானதாகப் படவில்லை, ஏனென்றால் எசேக்கியேலே வேறு விதமாகப் பேசுகிறார். 29-ஆம் அதிகாரம் 17 முதல் 20 வரை வாசியுங்கள். முற்றுகை முடிந்தபின், கி.மு. 571-ல் சொன்ன வார்த்தை அது. தீருவுக்கு எதிரே செய்த வேலையில் சேனையின் தலையெல்லாம் மொட்டையாயிற்று, தோளெல்லாம் தோலுரிந்தது, ஆனாலும் கூலி கிடைக்கவில்லை, ஆகையால் எகிப்தைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார். முதலில் சொன்னது சொன்னபடி நடக்கவில்லை என்பதை அதே தீர்க்கதரிசி, அதே புத்தகத்தில், தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறார். தொகுத்தவர்கள் 26-ஐத் திருத்தவும் இல்லை, 29-ஐ மறைக்கவும் இல்லை.

தீர்க்கதரிசனம் என்றால் நடக்கப்போவதை முன்கூட்டியே அச்சடித்த செய்தி என்று நாம் நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு. எரேமியா 18:7-10 இதற்கான விதியைச் சொல்கிறது: ஒரு ஜாதியைப் பிடுங்குவேன் என்று நான் சொல்லும்போது அது திரும்பினால், நானும் மனம் மாறுவேன், கட்டுவேன் என்று சொல்லும்போது அது பொல்லாப்புச் செய்தால், அப்போதும் மாறுவேன். யோனா நினிவேக்கு நாற்பது நாள் கெடு வைத்தார். நிபந்தனை எதுவும் சொல்லவில்லை. ஊர் மனந்திரும்பியது, நாற்பதாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. எரேமியா 26-ல் இன்னும் அருமையான ஒரு காட்சி. ஆலயம் அழியும் என்று சொன்ன எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் கத்துகிறது. அப்போது மூப்பர்கள் எழுந்து, எசேக்கியா காலத்தில் சீயோன் வயலைப்போல உழப்படும் என்று மீகா சொன்னாரே, ராஜா கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினான், தீங்கு வரவில்லை, மீகாவை யாரும் கொல்லவில்லையே என்கிறார்கள். நிறைவேறாத அறிவிப்பை வைத்து மீகா பொய்யர் என்று அவர்கள் முடிவுசெய்யவில்லை. சொன்ன எச்சரிக்கை பலன் தந்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால், சொன்னது நடவாவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்ற உபாகமம் 18:22 எதற்கு? எரேமியா 28-ல் அதன் பயன் தெரிகிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் இரண்டே ஆண்டில் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி நாள் குறித்தான். ஜனங்களுக்கு அது இனித்தது. எரேமியாவோ எழுபது ஆண்டு என்று சொல்லி, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று பாபிலோனுக்குக் கடிதம் எழுதினார். வாழ்க்கையை நிறுத்திவைக்கச் சொன்னவன் அனனியா. கணவரிடம் வாசித்துக்காட்ட எரேமியா 28, 29 இரண்டையும்விடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியாது.

மத்தேயு 16:28-க்கு வருவோம். ஆறு நாளுக்குப்பின், என்று அடுத்த அதிகாரம் தொடங்கி, மூன்று சீஷர்கள் மலையின்மேல் மறுரூபமான இயேசுவைக் காண்கிறார்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றும் இந்த இரண்டையும் அடுத்தடுத்தே வைத்திருப்பதால், ஆதிசபையில் பலர் இதுவே அந்த வாக்கின் நிறைவேற்றம் என்று வாசித்தார்கள். வேறு சிலர் உயிர்த்தெழுதலையும் பெந்தெகொஸ்தேயையும் சொல்வார்கள். மத்தேயு 24:34-ல் வரும் "இந்தச் சந்ததி" இன்னும் கடினமானது. அந்த அதிகாரம் எருசலேம் ஆலயத்தில் தொடங்குகிறது. ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்று இயேசு சொல்ல, சீஷர்கள் அது எப்போது என்றும், வருகைக்கும் உலக முடிவுக்கும் அடையாளம் என்ன என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். கி.பி. 70-ல் ரோமத் தளபதி தீத்துவின் சேனை ஆலயத்தை இடித்தது. கேட்டவர்களில் பலர் அப்போது உயிரோடிருந்தார்கள். சந்ததி என்றது அந்த அழிவை என்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. ஆனால் மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவது அதே பகுதியில் இருப்பதால், எந்த விளக்கமும் எல்லா மூலையையும் மூடிவிடாது. இயேசு விரைவில் வருவார் என்று முதல் தலைமுறை எதிர்பார்த்தது, தாமதம் அவர்களைக் கலங்கவைத்தது என்பதற்கு 2 பேதுரு 3 சாட்சி. யோவான் 21:23-ஐயும் பாருங்கள். இயேசுவுக்கு அன்பாயிருந்த அந்தச் சீஷன் மரிப்பதில்லை என்று சகோதரருக்குள்ளே ஒரு பேச்சு பரவியது. இயேசு அப்படிச் சொல்லவில்லை என்று சுவிசேஷமே அதைத் திருத்துகிறது. தவறாகக் கேட்கப்பட்ட வருகைச் செய்தியை அவர்களே உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள் என்றால், நீங்கள் திருத்துவதில் என்ன குற்றம்?

இரகசிய வருகை என்ற போதனை

உங்கள் மகனின் பயத்துக்கு வேர் இதுதான். சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு ஆண்டு உபத்திரவம், பிறகு வெளிப்படையான வருகை என்ற இரண்டு கட்ட வரிசை அப்போஸ்தலர் காலத்துப் போதனை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி அல்ல; இது பரவியது 1830-களிலிருந்து, ஜான் நெல்சன் டார்பி என்பவரின் போதனை வழியாக. 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. பிரதரன் சபையாரும், பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபையாரில் பலரும் அதை உண்மையோடு நம்புகிறார்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், சீர்திருத்த சபைகள் அப்படிப் போதிப்பதில்லை. கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சியைக்கூட (வெளிப்படுத்தின விசேஷம் 20) ஆதிசபை ஆசிரியர்களான ஜஸ்டினும் ஐரேனியுவும் எழுத்துப்படியே எதிர்பார்த்தார்கள். பிற்காலச் சபை ஆசிரியரான அகுஸ்தீன் அதைச் சபையின் காலமாக வாசித்தார். இவர்களில் யாரையும் சபை அவிசுவாசி என்று தள்ளியதில்லை.

1 தெசலோனிக்கேயர் 4:16-ல் ஆரவாரம் இருக்கிறது, பிரதான தூதனின் சத்தம் இருக்கிறது, எக்காளம் இருக்கிறது. இரகசியமாக எதுவும் இல்லை. ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான் என்ற மத்தேயு 24:40-க்கு முந்தின வசனத்தில், ஜலப்பிரளயம் வந்து வாரிக்கொண்டுபோனது அக்கிரமக்காரரை. மிஞ்சியவர்கள் நோவாவின் வீட்டார். இப்படி வாசித்தால் விடப்படுவதே நலம் என்றாகிறது.

கணவரிடம் எதைப் பேசுவது

மேலே உள்ள வாதங்களை ஒரே இரவில் அவர்முன் கொட்டாதீர்கள். தோற்கடிக்கப்படுகிறவர் குழுவிடம்தான் ஓடுவார். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் கடந்துபோன ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது: இதெல்லாம் அண்ணன் இறந்த பிறகு ஆரம்பித்தது. அவர் தேடுவது 2028 அல்ல, அண்ணனை மறுபடி எப்போது பார்ப்பேன் என்பதாக இருக்கலாம். 1 தெசலோனிக்கேயர் 4-ஐப் பவுல் எழுதியதும் சாவு வீட்டுக்காரர்களுக்குத்தான். நித்திரையடைந்தவர்களைக் குறித்துத் துக்கியாதபடிக்கு என்று தொடங்கி, இந்த வார்த்தைகளினால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். அதிலிருந்து நாள்காட்டி செய்தவர்கள் பிற்காலத்தவர். அண்ணனைப் பற்றி அவர் பேசட்டும். திருத்தாமல், குறுக்கிடாமல் கேளுங்கள். அதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். காணொளி பார்த்து முடித்த நள்ளிரவில் வேண்டாம்.

இன்னொரு நாள் இரண்டு கேள்விகள் மட்டும். "2028 கடந்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? அதை இப்போதே எழுதி வைப்போமா?" நாள், எதிர்பார்ப்பு, நடக்காவிட்டால் எடுக்கப்போகும் முடிவு மூன்றையும் அவர் கையாலேயே எழுதி, தேதியிட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டாவது கேள்வி: "குழுத் தலைவர் தன் வீட்டையும் சேமிப்பையும் விற்றுவிட்டாரா? ஊழியத்தின் வரவுசெலவுக் கணக்கைக் காட்டுவார்களா?" 2028-க்குப்பின் பணத்துக்கு வேலையில்லை என்று போதிக்கிறவர்கள் இப்போது ஏன் மூலதனம் சேர்க்கிறார்கள் என்பதை அவரே யோசிப்பார். கணக்கைக் காட்ட மறுப்பது, வேறு போதகரிடம் பேசக்கூடாது என்பது, வீட்டாரிடம் மறைக்கச் சொல்வது, மருந்தை நிறுத்தச் சொல்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் குழு ஆபத்தானது.

அவர் நம்பிக்கை நோயல்ல. ஆனால் பல இரவு தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது, தனக்கு மட்டும் குரல் கேட்கிறது என்பது, தானே தெரிந்துகொள்ளப்பட்ட தீர்க்கதரிசி என்பது, நாம் எல்லாரும் முன்னதாகவே போய்விடலாம் என்பது போன்ற பேச்சு வந்தால் மனநல மருத்துவரிடம் போகத் தாமதிக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது வந்தால் அன்றைக்கே பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய், அவசர உதவியை அழையுங்கள்.

சேமிப்பு

திரும்பப் பெற முடியாத எந்த முடிவும் 2029 பிறக்கும்வரை இல்லை என்ற ஒரே நிபந்தனையில் உறுதியாக நில்லுங்கள். இது அவிசுவாசம் அல்ல. எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, நகரம் விழும் என்று உறுதியாகத் தெரிந்திருந்த எரேமியா, ஆனதோத்தில் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கி, கிரயப் பத்திரத்தை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் (எரேமியா 32). தெசலோனிக்கேயாவில் வேலையை விட்டுச் சுற்றித் திரிந்தவர்களுக்குப் பவுல் கொடுத்த கட்டளை, அமைதலோடு வேலைசெய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்பது.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: எல்லாக் கணக்குகள், கடன்கள், காப்பீடுகள், வாரிசு நியமனங்கள் ஆகியவற்றின் பட்டியல் எடுத்து, நகல்களை வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் வையுங்கள். வெற்றுத்தாளிலோ, பொது அதிகாரப் பத்திரத்திலோ, பிறர் கடனுக்கான ஜாமீனிலோ கையெழுத்திடாதீர்கள். ஓய்வுக்கால நிதியை முன்கூட்டி எடுத்தால் எவ்வளவு வரி, எவ்வளவு பிடித்தம், மறுபடி செலுத்த வழி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் வாதத்தைவிட நன்றாகப் பேசும். ஆயுள் காப்பீட்டை இடையில் முறித்தால் கட்டியதில் ஒரு பகுதி போகும், பிறகு கூடுதல் வயதில் புதிதாக எடுக்கக் கட்டணம் ஏறும், இடையில் நோய் வந்திருந்தால் மறுக்கவும் செய்வார்கள். உங்கள் சம்பளத்திலிருந்து மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையை உங்கள் பெயரில் தனியே சேருங்கள். மகளின் படிப்புக்கு இன்னொரு கணக்கு. கணவர் காணிக்கை கொடுக்க விரும்பினால் மாத வருமானத்திலிருந்து கொடுக்கட்டும், மூலதனத்திலிருந்து வேண்டாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒரு தவறான நினைப்பைத் திருத்த வேண்டும். மனைவி சம்மதிக்காமல் அவர் பணத்தை எடுக்க முடியாது என்று நம்பியிருக்கிறீர்கள். இருவர் பெயரிலும் உள்ள சொத்துக்கு வழக்கமாக இருவர் கையெழுத்தும் தேவை. அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கை அவர் தனியாகவே காலி செய்ய முடியும் என்பதுதான் பல நாடுகளில் நிலை. மனமாரக் கொடுத்த நன்கொடையைத் திரும்பப் பெறுவதோ மிகவும் கடினம். ஆகவே பணம் போன பிறகு அல்ல, போவதற்கு முன்பே குடும்ப வழக்கறிஞர் ஒருவரை ஒருமுறை சந்தித்து, உங்கள் நாட்டில் தடை கேட்க என்ன வழி என்று கேட்டு வையுங்கள்.

மகன்

காணொளிகள் அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; இதைக் கணவரிடம் கெஞ்சாமல் தீர்மானமாகச் சொல்லலாம். பக்கத்து அறைக்குப் போனாலும் சில வாரங்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளி விட்டு வரும்போது நீங்கள் இல்லாவிட்டால், எங்கே போனீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்ற சீட்டு ஒரே இடத்தில் இருக்கட்டும். அவன் கேட்டால் நீண்ட விளக்கம் வேண்டாம். "இயேசு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. அம்மாவும் உன்னை விட்டுப் போகமாட்டேன்" என்ற அளவு போதும்; கேட்கும்போதெல்லாம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் எடுத்துக்கொள்வார் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது; அந்த வார்த்தை அவனை ராத்திரியில் தன் குற்றங்களை எண்ணவைக்கும். ஒரு மாதத்தில் குறையாவிட்டாலோ, தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள். மகளிடமும் தனியாகப் பேசுங்கள். 14 வயதில் அவள் அமைதியாக இருப்பது புரிந்துகொண்டதன் அடையாளம் அல்ல. படிப்பைப் பற்றிய பேச்சை நீங்கள் அவளோடு நிறுத்தாமல் தொடர வேண்டும்.

குறித்த காலம் கடந்த பிறகு என்ன நடக்கும் என்பதற்கு 1844 ஒரு பாடம். சிலர் புதுத் தேதி குறித்தார்கள். சிலர் அது பரலோகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிறைவேறியது என்றார்கள். சிலர் விசுவாசத்தையே விட்டு விலகினார்கள். உங்கள் கணவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது, அந்த வாரம் வீட்டில் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தார்களா என்பதைப் பெரிதும் பொறுத்தது. உறவினர்களை இப்போதே எச்சரித்து வையுங்கள். நாள் குறிப்பதை ஏற்காத, அதே சமயம் வருகையை நம்புகிற மூத்த போதகர் ஒருவரை முன்கூட்டியே சந்தித்துப் பேசி வையுங்கள். கணவர் ஏற்கெனவே மதிக்கிறவராக இருந்தால் நல்லது. இருவரும் கையெழுத்திட்ட அந்தத் தாளை நீங்களாக எடுத்து நீட்டாதீர்கள். அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள்.